உங்கள் வீட்டுக் குடிநீர் ஈயக் குழாய் வழியாக வருகிறதா? லண்டன் பழைய வீடுகளில் இருப்போர் கேட்கும் கேள்விகள்

லண்டனில் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளில் எத்தனையோ விக்டோரியா ராணி காலத்து வரிசை வீடுகள். கூரை மாற்றியிருப்போம், குசினியைப் புதிதாகக் கட்டியிருப்போம், மேலே ஓர் அறை எடுத்திருப்போம். தெருவிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும் குழாய் மட்டும் அந்தக் காலத்து ஈயக் குழாயாகவே மண்ணுக்குள் கிடக்கக்கூடும். ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கி ஆறு வருடம் கழித்து, மூத்த பிள்ளை போத்தல் பால் குடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழாய் இருப்பது எனக்குத் தெரியவந்தது. அதன் பிறகு கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் இதைப் பற்றிக் கதைக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஈயக் குழாய் இருக்குமா என்று முதலில் எப்படி ஊகிப்பது?

வீடு கட்டிய ஆண்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1970க்குப் பிறகு கட்டிய வீடு என்றால் குடிநீருக்கு ஈயக் குழாய் போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு முன் கட்டியது என்றால் இருக்கலாம். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், ஆகவே ஆண்டு மட்டும் விடை சொல்லாது. கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

எங்கே பார்க்க வேண்டும்? எதை வைத்துச் சோதிப்பது?

ஒரு டார்ச் லைட், ஒரு காசு, ஒரு சிறிய காந்தம். இவ்வளவு போதும். பத்து நிமிட வேலை.

வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தும் ஸ்டாப்டாப் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் குசினி சிங்குக்குக் கீழே இருக்கும். சில வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே, அல்லது முன் கதவுக்குப் பக்கத்தில். அந்தத் திருகுக்குக் கீழே தரையிலிருந்து மேலே எழும்பி வரும் குழாய்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. சிங்க் குழாய்க்குப் போகும் மெல்லிய குழாயைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

ஈயக் குழாய் மங்கிய சாம்பல் நிறம். நேராக நிற்காது, கையால் வளைத்ததுபோல ஒரு நெளிவோடு வரும். இன்னொரு குழாயோடு சேரும் இடத்தில், பாம்பு இரை விழுங்கியதுபோல உருண்டையாக வீங்கியிருக்கும். அந்தக் காலத்துக் குழாய் வேலைக்காரர்கள் ஈயத்தை உருக்கி ஊற்றித் துணியால் வழித்துப் பற்றவைத்த இணைப்பு அது. அந்த வீக்கத்தை ஒருமுறை பார்த்தால் பிறகு எங்கே கண்டாலும் தெரியும்.

சந்தேகம் இருந்தால் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஈயம் மென்மையான உலோகம். சுரண்டிய கோட்டில் வெள்ளிபோலப் பளபளவென்று மின்னும். செம்பு என்றால் கோடு செம்பழுப்பாகத் தெரியும். இரும்பு என்றால் காந்தம் ஒட்டும், ஈயத்தில் ஒட்டவே ஒட்டாது. தட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் உண்டு. செம்பும் இரும்பும் கணீரென்று ஒலிக்கும், ஈயம் கட்டையில் தட்டியதுபோல 'தொப்' என்று அடங்கிப்போகும். நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் குழாய் வருகிறது என்றால் அந்த இடத்தில் ஈயம் இல்லை.

நான் சிங்குக்குக் கீழே படுத்துக்கொண்டு இருபது பென்ஸ் காசால் ஒரு கோடு இழுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் அது பளிச்சிட்டதும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. மேலே அடுப்படியில் பிள்ளையின் பால் போத்தல்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

சுரண்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கத்தியால் செதுக்குவது, அரம் போட்டுத் தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

சிங்குக்குக் கீழே செம்புக் குழாய்தான் தெரிகிறது. அப்போ பயமில்லை, சரிதானே?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். குசினியைப் புதுப்பிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் இரண்டு மீட்டரை மட்டும் செம்பாக மாற்றிவிட்டு, தரைக்குக் கீழே போவதை அப்படியே விட்டிருப்பார்கள்.

தெருவில் போகும் பெரிய குழாயிலிருந்து உங்கள் காணி எல்லை வரைக்கும் வரும் துண்டு தண்ணீர் நிறுவனத்துக்குச் சொந்தம். எல்லையிலிருந்து வீட்டுக்குள் வருவது உங்களுடையது. இந்த இரண்டும் ஒரே உலோகமாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு சிறிய இரும்பு மூடி இருக்கும். அதைத் திறந்தால் வெளி ஸ்டாப்டாப்பும், மீட்டர் வைத்த வீடு என்றால் மீட்டரும் தெரியும். அங்கே வந்து சேரும் குழாயும் போகும் குழாயும் என்ன நிறம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மண் மூடியிருந்தால் தோண்ட வேண்டாம், நிறுவனத்திடம் கேளுங்கள். உள்ளே செம்பு, வெளியே நீலப் பிளாஸ்டிக் என்று தெரிந்தாலும் நடுவில் முன்வாசலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தண்ணீரைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும்.

பரிசோதனை யார் செய்வார்கள்? காசு கட்ட வேண்டுமா?

உங்கள் தண்ணீர் பில்லில் பெயர் இருக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் தேம்ஸ் வாட்டர். இல்ஃபோர்டில் எசெக்ஸ் அண்ட் சஃபோக் வாட்டர். ஹரோவில் அஃபினிட்டி வாட்டர். பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும் நிறுவனம் மாறும், ஆகவே உறவினர் சொன்ன நம்பரை நம்பாமல் பில்லைப் பாருங்கள். "பழைய வீடு, ஈயக் குழாய் இருக்குமோ என்று சந்தேகம், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது" என்று சொன்னால் பல நிறுவனங்கள் இலவசமாகவே பரிசோதித்துத் தரும்.

இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரிலும், ஓடவிட்ட பிறகு பிடித்த தண்ணீரிலும் ஈயத்தின் அளவு வேறு வேறாக இருக்கும். ஆகவே எப்போது, எப்படித் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே செய்யுங்கள். காலையில் முதல் தண்ணீர் வேண்டும் என்றால், யாரும் கழிவறைத் தண்ணீரைக்கூடத் திறந்துவிடாதபடி முதல்நாள் இரவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை அது தவறிப்போய், இன்னொரு நாள் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது.

முடிவில் வரும் எண்ணை எப்படி வாசிப்பது?

இங்கிலாந்தின் சட்ட வரம்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மைக்ரோகிராம். 2013 டிசம்பர் வரை அது 25 ஆக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கு 2036க்குள் 5 ஆகக் குறைக்கவேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. கனடா 2019இலேயே 5 என்று வைத்துவிட்டது.

வரம்பு காலத்துக்குக் காலம் இறங்கிக்கொண்டே வருவதற்குக் காரணம் உண்டு. 'இவ்வளவு ஈயம் உடம்புக்குப் பாதகமில்லை' என்று சொல்லக்கூடிய ஓர் அளவு இதுவரை கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே 9 வந்தது, தப்பிவிட்டோம் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். குழாய் ஈயம் என்று தெரிந்தால், எண் சிறிதாக இருந்தாலும் மாற்றுவதற்கான யோசனையைத் தொடங்குங்கள். பரிசோதனை ஒரு நாளின் தண்ணீரை மட்டும் காட்டும், குழாயோ வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஈயம் என்றால் ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பதா? அதில் காலங்காலமாகச் சமைக்கிறார்களே?

கும்பகோணத்தைச் சேர்ந்த ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி, ஏனென்றால் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் ஈயம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயத்தால். பழைய தண்ணீர்க் குழாய் செய்தது காரீயத்தால். நஞ்சு காரீயம்தான். 'ஈயம் உடம்புக்கு நல்லது' என்று சொம்பை வைத்துப் பெரியவர்கள் சொல்வதைக் குழாய்க்குப் பொருத்திவிடக் கூடாது.

சொம்பு விஷயத்திலும் ஒரு கவனம் தேவை. வெள்ளீயத்தோடு மலிவுக்காகக் காரீயத்தைக் கலந்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எங்கே, யாரிடம் வாங்கியது என்று நிச்சயம் தெரியாத சொம்பில் புளி ரசம் கொதிக்கவைப்பதை நான் விட்டுவிடுவேன். இந்தப் பக்கத்தில் ஈயம் என்று எழுதியிருப்பதெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

எங்கள் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடையும் இல்லை. ஈயம் இருந்தால் தெரியாதா?

தெரியாது. ஈயம் கரைந்த தண்ணீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியிலும் மாற்றம் இல்லை.

கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் குடிக்கிறோம். போதாதா?

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீராவியாகத் தண்ணீர் மட்டும் போய், மிச்சத் தண்ணீரில் ஈயத்தின் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழகிய நமக்கு இதை மனம் ஏற்கக் கஷ்டம். ஆனாலும் இதுதான் உண்மை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும், கைக்குழந்தைக்கும், ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் சின்னப் பிள்ளையின் உடம்பு வளர்ந்தவரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். படிப்பு, கவனம், நடத்தை ஆகியவற்றில் அதன் விளைவு தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக ஏறும், ஆகவே கீரையும் பாலும் முட்டையும் இங்கே மருந்துபோல உதவும்.

தாய்மார் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஈயம் எலும்பில் போய்ப் படிந்து பல வருடம் கிடக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கல்சியம் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இரத்தத்துக்கு வரும். பிள்ளை பெறும் எண்ணம் இருக்கும் வீட்டில் குழாயை இப்போதே பார்த்துவிடுங்கள்.

குழாய் ஈயம்தான் என்று தெரிந்துவிட்டது. மாற்றும் வரைக்கும் பிள்ளைக்குப் பால் கரைக்க என்ன செய்வது?

முதலில் குழாயை ஓடவிட்டு, தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு வரும் புதிய குளிர் தண்ணீரைக் கெட்டிலில் பிடித்துக் கொதிக்கவையுங்கள். சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து ஒருபோதும் பிடிக்க வேண்டாம். சூடான தண்ணீர் ஈயத்தை அதிகமாகக் கரைக்கும். பரிசோதனையில் அளவு அதிகம் என்று வந்தால், குழாய் மாறும் வரை பிள்ளைக்கு வேறு ஏற்பாடு என்ன என்று தண்ணீர் நிறுவனத்திடமும், சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கும் தாதியான ஹெல்த் விசிட்டரிடமும் கேளுங்கள். கடைப் போத்தல் தண்ணீர் எல்லாம் பால் மாவுக்குப் பொருந்தாது, சிலவற்றில் உப்பு அதிகம்.

எவ்வளவு தண்ணீரை ஓடவிட வேண்டும்? வீணாகப் போகுமே?

மனம் பதைக்கத்தான் செய்யும், ஊரில் வாளியால் அள்ளி அளந்து பாவித்தவர்கள் நாங்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை. அரை அங்குல உள்விட்டம் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 130 மில்லிலிட்டர் தண்ணீர்தான் நிற்கும். தெருவிலிருந்து குசினி வரை பத்து மீட்டர் என்றால் ஒன்றேகால் லிட்டர் சொச்சம். பாத்திரம் கழுவும் பேசின் ஒன்று நிறைய ஓடவிட்டால் சாதாரண வரிசை வீட்டுக்குத் தாராளமாகப் போதும். முன்வாசல் நீளமான வீடு என்றால் இன்னும் கொஞ்சம். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை, வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். காலையில் யாராவது குளித்த பிறகு குடிநீர் பிடித்தால் பாதி வேலை தானாகவே முடிந்திருக்கும்.

ஜக் ஃபில்டர் போதுமா?

பெட்டியில் 'ஈயத்தைக் குறைக்கும்' என்று தெளிவாகச் சான்று போட்டிருந்தால் உதவும். என்எஸ்எஃப் 53 என்ற தரச் சான்றில் ஈயம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் துண்டைச் சொன்ன காலத்துக்குள் மாற்றாவிட்டால் பயன் இல்லை. ஆர்ஓ இயந்திரம் ஈயத்தை நன்றாகவே நீக்கும். எதுவானாலும் இடைக்கால ஏற்பாடுதான்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு கூடிய வன்னீர்தானே? கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, குழாய்க்குள்ளும் படிந்து ஈயத்தை மூடிவிடும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர்போல லண்டன் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு குறைந்த மென்னீர்தான் ஈயத்தை வேகமாகக் கரைக்கும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு லொக் கேட்ரின் ஏரியிலிருந்து வந்த மென்னீர் அப்படித்தான் வீடுவீடாக ஈயத்தைக் கொண்டுபோனது. அங்கே 1978இல் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கி, 1989இல் பாஸ்பேட்டும் சேர்த்தார்கள். இன்று இங்கிலாந்து நிறுவனங்களும் பெரும்பாலான இடங்களில் பாஸ்பேட் சேர்க்கின்றன. அது ஈயத்தோடு சேர்ந்து குழாயின் உட்சுவரில் கரையாத ஒரு படலத்தைப் போர்த்துகிறது.

ஆனால் அந்தப் படலத்தின் மேல்தான் முழு நம்பிக்கையையும் வைக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள். வருடக்கணக்காகப் படிந்திருந்த படலம் கலைந்து, ஈயம் பிள்ளைகளின் இரத்தம் வரை போனது. குழாய்கள் அதே பழைய குழாய்கள்தான், உள்ளே வந்த தண்ணீர்தான் மாறியது. தெருவில் தோண்டும்போது ஏற்படும் அதிர்வில்கூட அந்தப் படலம் செதில் செதிலாகப் பெயரக்கூடும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கேட்க மாட்டார் என்றால்?

பரிசோதனைக்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவை இல்லை. குடியிருப்பவராக நீங்களே தண்ணீர் நிறுவனத்துக்குப் போன் செய்யலாம். முடிவு கையில் வந்த பிறகு அதை இணைத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அசையவில்லை என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடம் போங்கள். வாடகை வீடுகளின் ஆபத்துகளை அவர்கள் மதிப்பிடும் பட்டியலில் ஈயமும் ஒன்று. விசா நிலை, வாடகை ஒப்பந்தம் என்று எண்ணிப் பயந்து நம்மவர்கள் பலர் வாய் திறப்பதில்லை. பிள்ளை குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்பது யாருக்கும் உள்ள உரிமை.

மாற்றுவது என்றால் யார் செலவு? என்னென்ன கவனிக்க வேண்டும்?

எல்லைக்கு உட்பட்ட பகுதி உங்கள் செலவு. உங்கள் பகுதியை மாற்றப்போவதாக முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் பக்கத் துண்டும் ஈயமாக இருந்தால் பொதுவாக அதைத் தங்கள் செலவிலேயே மாற்றித் தருவார்கள். சில நிறுவனங்கள் உங்கள் பகுதிக்கும் உதவித்தொகை தருவது உண்டு, அதையும் கேளுங்கள். மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மண்ணைத் தோண்டாமல் பழைய குழாயின் வழியிலேயே புதியதை இழுக்கும் முறைகளும் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற பிளம்பர்களின் பட்டியலான வாட்டர்சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ள பிளம்பரை எடுப்பது நல்லது.

பாதி மாற்றிவிட்டுப் பாதியை விடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெட்டும்போது ஈயத் துகள்கள் பெயர்ந்து, சில வாரங்கள், மாதங்கள்கூட அளவு முன்பைவிடக் கூடலாம். செம்பை நேராக ஈயத்தோடு இணைத்தால் அந்த இணைப்பில் ஈயம் இன்னும் வேகமாக அரிக்கும். வரிசை வீடுகளில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே குழாய் போவதும் உண்டு. அப்படியென்றால் பக்கத்து வீட்டாரோடு கதைத்து ஒன்றாகச் செய்யுங்கள், செலவும் பிரியும்.

பிளம்பர் பற்றவைக்கும் கம்பியையும் பாருங்கள். ஈயம் கலந்த பற்றாசைக் குடிநீர்க் குழாயில் பாவிப்பது 1987 முதல் தடை. ஆனால் ஹீட்டிங் வேலைக்கு அது இன்னும் கடையில் கிடைக்கிறது, கை தவறி இங்கே வந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதே இல்லை. பழைய வீடுகளில் மின்சாரத்துக்கு எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயோடு கட்டியிருப்பார்கள். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றினால் அந்த எர்த் அறுந்துபோகும். வேலை தொடங்கும் முன் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிக்கலாமா? துணி துவைக்கலாமா?

தாராளமாக. தோல் வழியே ஈயம் ஏறாது. பிள்ளை குளியல் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்தால் சரி.

பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா?

தண்ணீரில் அளவு அதிகம் வந்திருந்தால் உங்கள் குடும்ப டாக்டரான ஜிபியிடம் சொல்லிக் கேளுங்கள். இங்கே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுச் சுகாதாரத் துறை தலையிடும். டாக்டரிடம் தண்ணீரை மட்டும் சொல்லாமல், பழைய பெயின்ட் உரிந்த ஜன்னல், ஊரிலிருந்து வந்த கண்மை, பொடி மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஈயம் எந்த வழியாகவும் வந்திருக்கலாம்.

ஊரில் உள்ள எங்கள் வீட்டிலும் பார்க்க வேண்டுமா?

அங்கே கிணறும், இரும்புக் குழாயும், பிவிசியும்தான் வழக்கம், ஈயக் குழாய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிவிசி செய்யும்போது ஈயச் சேர்மம் கலப்பது உண்டு, அதைக் கட்டுப்படுத்த இந்தியாவில் 2021இல் விதிகள் வந்தன. புதிதாகக் குழாய் வாங்கினால் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மம்மா விடிய நாலு மணிக்கே எழும்பித் தேநீர் வைப்பார். குழாயை ஓடவிடச் சொன்னால் தண்ணீர் வீண் என்று கேட்கமாட்டார். என்ன செய்யலாம்?

எல்லோரும் குளித்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகு, இரவு படுக்கப்போகும் முன் ஒரு பெரிய கூஜாவில் குளிர் தண்ணீர் பிடித்து மூடி, கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். விடிய அதிலிருந்து ஊற்றித் தேநீர் வைக்கட்டும். எங்கள் வீட்டில் குழாய் மாற்றும் வரைக்கும் ஏழு மாதம் அப்படித்தான் செய்தோம்.